இ-20 பெட்ரோலும் எல்லையோரக் கார்புரேட்டர்களும்: திருகாணியைத் திருப்பப் போவது யார்?

புது தில்லி: பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கப்படுவதால் பழைய வாகனங்கள் பழுதாகின்றன என்ற புகாருக்கு, மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நீண்டதொரு விளக்கம் அளித்தது. மைலேஜ் குறைவது சொற்பமே. அதையும் என்ஜினை நன்கு 'டியூன்' செய்வதாலும், எத்தனாலைத் தாங்கும் பொருள்களாலான பாகங்களைப் பொருத்துவதாலும் மேலும் குறைத்துவிடலாம் என்பது அதன் சாரம். கார்புரேட்டர் வாகனங்களையும், எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் 'இன்ஜெக்ஷன்' வாகனங்களையும் 1 லட்சம் கி.மீ. வரை, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சோதித்த சர்வதேச ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் தென்படவில்லை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது.

டியூன் என்ற சொல்லைத் தில்லியில் எழுதிவிடுவது எளிது. இன்ஜெக்ஷன் வாகனங்களில் அந்த வேலையைச் செய்ய ஒரு சிறு கணினி இருக்கிறது. கார்புரேட்டர் வாகனத்தில் அதைச் செய்ய வேண்டியது ஒரு மனிதனின் கை. அந்தக் கையில் ஒரு திருப்புளி. அந்த மனிதன் இருப்பது அமைச்சக வளாகத்தில் அல்ல, செங்கல் போன்ற ஊர்களின் சாலையோரப் பட்டறைகளில்.

செங்கல், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. களியக்காவிளை எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. பக்கத்து ஊர் பாறசாலை. பெயரைக் கேட்டுவிட்டுச் சூளையைத் தேட வேண்டியதில்லை. தமிழில் செங்கல் என்றால் சுட்ட கல். மலையாளத்தில் அதே சொல் தரையிலிருந்து வெட்டியெடுக்கும் செம்புரைக்கல்லைக் குறிக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளும் வட்டாரம் இது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சேர்த்துக் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று போடப்பட்ட கோட்டின் இருபுறமும் இன்று டி.என்.-75 எண் பலகையும் கே.எல்.-19, கே.எல்.-20 எண் பலகைகளும் ஒரே சாலையில் கலந்து ஓடுகின்றன.

அந்தச் சாலையில் ஓடும் இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் கொண்டவை எவை என்று பார்த்தால், 'பழைய வாகனம்' என்ற சொல்லே சற்று மாறிவிடுகிறது.

நீதிமன்றம் எழுதிய முடிவு

கார்புரேட்டரின் தலைவிதி இந்தியாவில் இரண்டு முறை உச்ச நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. தில்லியின் காற்று மாசு தொடர்பான வழக்கில் 1999 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, தலைநகர வட்டாரத்தில் பதிவாகும் கார்களுக்கு யூரோ-1, அடுத்த ஆண்டே யூரோ-2 என்று தர அளவுகளை நெருக்கியது. மாருதி 800 போன்ற கார்கள் கார்புரேட்டரைக் கைவிட்டு இன்ஜெக்ஷன் முறைக்கு மாறியது அந்த நெருக்கடியில்தான். அம்பாசடரும் பத்மினியும் ஆண்ட காலம் அத்துடன் முடியத் தொடங்கியது.

இருசக்கர வாகனங்களோ மேலும் இருபது ஆண்டுகள் கார்புரேட்டருடனேயே ஓடின. பி.எஸ்.-4 தரம் வரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் அதைக் கொண்டே சமாளித்தன. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.-4 வாகனங்களை விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அவற்றின் உற்பத்தி வரிசைகள் மாறின.

ஆக, 2019-இல் கடன் தவணையில் வாங்கிய ஒரு ஸ்கூட்டரும் பெரும்பாலும் கார்புரேட்டர் ஸ்கூட்டர்தான். 'பழைய வாகனங்கள் சிலவற்றுக்கு மட்டும்' என்று விளக்கங்களில் வரும் தொடரைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1980-களின் லாம்பிரெட்டா மட்டும் இந்தக் கணக்கில் வருவதில்லை. காலையில் பால் சங்கத்துக்கும் மாலையில் டியூஷனுக்கும் போய்வரும் வண்டியும் இதில் அடங்கும்.

வண்டிகளோடும் கணக்கு முடிவதில்லை. ரப்பர் தோட்டங்களில் களை வெட்டும் கையடக்க எந்திரங்கள், மரம் அறுக்கும் வாள்கள், சிறு ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் இன்றும் புதிதாக வருபவற்றிலேயே கார்புரேட்டர்தான் பெரிதும் இருக்கிறது. செங்கலுக்குத் தெற்கே கடலோரத்தில், குளத்தூர் ஊராட்சியின் பொழியூரில் மண்ணெண்ணெயில் ஓடும் படகு என்ஜின்களும் பெட்ரோலில்தான் கிளம்பும். பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறும். மீனவர்களின் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு குறித்துக் கேரள உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். அதே என்ஜினைக் கிளப்பும் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

துளையும் காற்றும்

கார்புரேட்டர் செய்யும் வேலை மிக எளியது. என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான குழாய் வழியே விரைகிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழே உள்ள மிதவை அறையிலிருந்து 'ஜெட்' எனப்படும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. எத்தனை காற்றுக்கு எத்தனை பெட்ரோல் என்பதைத் தீர்மானிப்பது துளையின் அளவு. அந்தத் துளைக்குக் கண் கிடையாது. தன் வழியே போவது பெட்ரோலா, சாராயம் கலந்த பெட்ரோலா என்று அதற்குத் தெரியாது.

கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஏனெனில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். 20 சதவீதம் கலந்தால் இந்த விகிதம் சுமார் 13.5 ஆக இறங்குகிறது. துளை மாறாதபோது, என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று தேவைக்கு அதிகமாகிவிடுகிறது. பட்டறை மொழியில் இதற்குப் பெயர் 'லீன்'. இன்ஜெக்ஷன் வாகனத்தில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இதைக் கண்டு, கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டரில் கண்டு சொல்ல எதுவும் இல்லை. வண்டி தானே நோய்க்குறி காட்ட வேண்டும்.

அது காட்டவும் செய்கிறது. காலையில் கிளம்ப மறுப்பது, ஆக்சிலேட்டரைத் திடீரெனத் திருகினால் ஒரு கணம் தடுமாறுவது, இறக்கத்தில் விட்டுக் கொடுக்கும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பது, ஏற்றத்தில் என்ஜின் வழக்கத்தைவிடச் சூடாவது ஆகியவை லீன் ஓட்டத்தின் அடையாளங்கள். சந்தேகத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. சூடேறிய என்ஜினில் சோக்கைப் பாதி இழுத்துப் பார்க்க வேண்டும். அதனால் ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மூச்சுத் திணறினால் கோளாறு வேறிடத்தில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலும் தெரிந்துவிடும். மண் நிறமாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

இங்கேதான் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கும் அவசரக்காரருக்கும் வேறுபாடு. காற்று வடிகட்டியில் அடைப்பு, வால்வு இடைவெளி மாறியிருப்பது, தீப்பொறி நேரம் தவறுவது, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையேயுள்ள ரப்பர் இணைப்பில் விரிசல் விட்டு வெளிக்காற்று புகுவது ஆகிய நான்கும் இதே நோய்க்குறிகளைக் காட்டக்கூடியவை. இவற்றைப் பாராமல் கார்புரேட்டரில் கை வைப்பது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாற்றுவது போன்றது. அந்த நான்கும் சரியென்று தெரிந்த பிறகே திருப்புளி வெளியே வர வேண்டும்.

திருக வேண்டிய ஆணி எது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வடிகட்டிப் பக்கத்தில் இருப்பது காற்றுத் திருகு; அதை வெளியே விட்டால் காற்று கூடும். என்ஜின் பக்கத்தில் இருந்தால் அது பெட்ரோல் திருகு; அதை வெளியே விட்டால் பெட்ரோல் கூடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே, விளைவு நேர்மாறு. என்ஜினை நன்கு சூடாக்கி, சும்மா நிற்கும் வேகத்தைச் சற்றே உயர்த்தி வைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, என்ஜின் அதிக வேகத்தில் சீராகச் சுழலும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் முறை. பிறகு நிற்கும் வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கிவிடலாம்.

ஆனால் இந்தத் திருகின் ஆட்சி, ஆக்சிலேட்டர் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரைதான். அதற்கு மேல் நடுவேகத்தில் கலவையைத் தீர்மானிப்பது ஊசி; அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு வேகத்தில் தீர்மானிப்பது மெயின் ஜெட். கலப்பில்லாத பெட்ரோலுக்கு அளவெடுத்த ஒரு ஜெட்டை இ-20-க்கு ஏற்றதாக்க வேண்டுமானால் துளையின் பரப்பு சுமார் 8 சதவீதமும், விட்டம் சுமார் 4 சதவீதமும் கூட வேண்டும். 100 என்று எண்ணிட்ட ஜெட்டுக்குப் பதிலாக 104 அல்லது 105. இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. கம்பியை விட்டுத் துளையைக் குடைந்து பெரிதாக்குவது பட்டறைகளில் நடக்காத காரியமல்ல. அப்படிக் குடைந்த ஜெட் என்ன அளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதோடு அந்தக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் வழியும் அடைபடும்.

ரப்பரும் ஈரமும்

பழைய வாகனங்கள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ. வரை ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அதற்கான செலவு குறைவு என்றும் அமைச்சகம் ஒப்புக்கொண்டது. செலவு குறைவு என்பது உண்மையே. மிதவை அறையின் வாயிலை மூடித் திறக்கும் ஊசியின் நுனியில் உள்ள ரப்பர் பயறளவுகூட இராது. அது எத்தனாலில் ஊறிப் பருத்தால் வாயில் ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வராமல் நிற்கும். சிதைந்தால் வாயில் மூடாமல் பெட்ரோல் வழியும். சூடான என்ஜினின் மேல் பெட்ரோல் வழிவது என்ன ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாகத்தின் விலையைக் கொண்டு மட்டும் பழுதின் தன்மையை அளக்கலாகாது.

எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. நெடுங்காலமாகத் தொட்டியின் சுவரில் படிந்திருந்த பிசினையும் துருவையும் அது கரைத்தும் பெயர்த்தும் கொண்டுவந்துவிடும். அவை போய் அடைவது, ஜெட்டுகளிலேயே சிறிய துளையான பைலட் ஜெட்டில். புதிய எரிபொருளுக்கு மாறிய தொடக்கத்தில் வண்டி நின்று நின்று போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஈரம் அடுத்த சிக்கல். எத்தனால் நீரை ஈர்க்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் வட்டாரம் இது. காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் சொற்பம். நாள்தோறும் ஓடி, வாரந்தோறும் நிரப்பப்படும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடக்கும் களைவெட்டி எந்திரத்துக்குத்தான் ஆபத்து. நீர் ஓரளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். துத்தநாகக் கலவையிலும் அலுமினியத்திலும் வார்த்த அறையில் வெள்ளைப் பொடி பூப்பது இந்த நீரின் வேலை. ஆயில் கலந்து ஓட்டும் இருவீச்சு எந்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். பிரிந்த அடிப்பகுதியில் ஆயில் நிற்காது. ஆயில் இல்லாமல் சுழலும் பிஸ்டன் இறுகிப்போகும். ஓட்டாமல் வைக்கும் எந்திரத்தின் தொட்டியையும் மிதவை அறையையும் வடித்து வைப்பது, காசு செலவில்லாத ஒரே காப்பு.

புகைச் சோதனையின் முரண்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 2000-க்கு முந்தைய இருசக்கர வாகனங்களுக்கு நிற்கும் வேகத்தில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரையும், அதன் பிறகு வந்தவற்றுக்கு 3.5 சதவீதம் வரையும் அனுமதி, பி.எஸ்.-4 முதல் அளவுகள் இன்னும் கடுமையாகின. பி.எஸ்.-3 வரையிலான வாகனங்களுக்குச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கும், பி.எஸ்.-4 முதல் ஓராண்டுக்கும் செல்லும். எத்தனாலால் கலவை லீன் ஆகும்போது கார்பன் மோனாக்சைடு குறைகிறது. அமைச்சகம் எடுத்துக்காட்டும் சுற்றுச்சூழல் நன்மைகளில் இதுவும் ஒன்று, அது பொய்யல்ல. ஆனால் வண்டி தடுமாறுகிறது என்று மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டினால் அந்த நன்மை கரைந்துவிடும். அவர் தன் செவியை மட்டும் நம்பித் திருகினால் அளவை மீறியும் போகலாம். அதாவது, கொள்கையின் ஒரு கை தரும் பலனை இன்னொரு கை சொல்லும் 'டியூனிங்' எடுத்துக்கொள்ளக்கூடும். புகை அளக்கும் கருவி இருக்கும் இடம் ஒன்று, திருப்புளி இருக்கும் இடம் வேறொன்று. சான்றிதழுக்காக ஒரு மாதிரி திருகி, வீடு திரும்பும் வழியில் வேறு மாதிரி திருகிக்கொள்ளும் பழைய வழக்கம் ஏன் வந்தது என்பதற்கும் இதுவே விளக்கம்.

இரண்டு விலை, ஒரே எரிபொருள்

எல்லையோர மக்களுக்குப் பெட்ரோல் என்பது எப்போதும் ஒரு கணக்கு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு ரூ. 3 குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்புக்கென லிட்டருக்கு ரூ. 2 கூடுதல் வரி விதித்தது. விளைவாக, 2025-இல் களியக்காவிளைப் பக்கம் வாங்கும் பெட்ரோலுக்கும் பாறசாலைப் பக்கம் வாங்கும் பெட்ரோலுக்கும் லிட்டருக்கு ரூ. 5-க்கு மேல் வேறுபாடு இருந்தது. செங்கல்வாசி ஒருவர் தமிழகத்துக்குள் வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டு போவதில் வியப்பில்லை.

விலையை அவர் தேர்ந்தெடுக்கலாம். எரிபொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2003 ஜனவரியில் 5 சதவீதக் கலப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் பட்டியலில் இருந்த ஒன்பது மாநிலங்களில் தமிழகம் இருந்தது, கேரளம் இல்லை. அன்று காகித அளவிலாவது எல்லையின் இரு பக்கமும் இரு வகைப் பெட்ரோல். 2022 ஜூனில் நாடு முழுவதும் 10 சதவீதத்தை எட்டி, 2030-க்கென்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே தொட்ட பிறகு, சாதாரணப் பெட்ரோல் என்றாலே இ-20 என்றாகிவிட்டது.

இந்த வேகத்தில் விடுபட்டுப்போனது எது என்பதற்கு அரசின் சொந்த ஆவணமே சான்று. நீதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் கலப்பு வழித்திட்டம், பழைய வாகனங்களின் பாதுகாப்புக்காக இ-10 பெட்ரோல் 2025 வரை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றது. கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ-10-க்கு அளவு செய்த இருசக்கர வாகனங்களில் இ-20-ஆல் 3 முதல் 4 சதவீதமும், நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதமும் எரிபொருள் திறன் குறையும் என்றது. எத்தனாலின் எரிசக்தி குறைவு என்பதால் கலப்பு எரிபொருளின் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

விலை குறையவில்லை. 2025 ஜூலை இறுதியில் எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ. 71.32, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அது அதிகம் என்று அமைச்சகமே விளக்கியது. 2025-இல் லிட்டர் ரூ. 107 என்றிருந்த திருவனந்தபுரம் விலையில் 3 முதல் 4 சதவீதம் என்பது ஏறத்தாழ ரூ. 3 முதல் ரூ. 4 வரை. எல்லை தாண்டிப் போய் மிச்சப்படுத்தும் ஐந்து ரூபாயில் பெரும்பகுதியைக் கார்புரேட்டர் இப்படித் திருப்பி வாங்கிக்கொள்கிறது. எத்தனாலின் ஆக்டேன் உயர்வு என்ற ஆறுதலும் இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. அந்த உயர்வைப் பயன்படுத்த அழுத்த விகிதம் மிகுந்த என்ஜின் வேண்டும்.

அரசுத் தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பால் ரூ. 1.44 லட்சம் கோடிக்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சம் என்பது அமைச்சகத்தின் கணக்கு. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குப் பணம் போய்ச் சேருவதும் உண்மை. கேள்வி, அந்த மிச்சத்துக்கான செலவில் ஒரு பங்கை யார் தலையில் வைத்திருக்கிறோம் என்பதுதான்.

ஐந்து அமைச்சகங்கள், ஒரு மெக்கானிக்

கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பம்ப்புகளில் எத்தனால் அளவைக் குறிப்பிட வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1999-இலும் 2018-இலும் கார்புரேட்டருக்கு எதிராகத் திறந்த கதவு, அதன் உரிமையாளருக்காகத் திறக்கவில்லை. இனி எஞ்சியிருப்பது நாடாளுமன்றம்.

அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எரிபொருள் பெட்ரோலியத் துறைக்கு. வாகன விதிகள் சாலைப் போக்குவரத்துத் துறைக்கு. வாகனத் தொழில் கனரகத் தொழில் துறைக்கு. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி, திறன் மேம்பாட்டுத் துறைக்கு. தர நிர்ணயம், நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ். செங்கலில் ஒரு மெக்கானிக்குக்கு எந்த மாடலுக்கு எந்த ஜெட் என்ற ஓர் அட்டவணை தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்குமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்க விரும்பினால், கேள்வியை எந்த அமைச்சகத்தின் பெயருக்கு எழுதுவது என்பதே முதல் கேள்வி. எழுத்துபூர்வ பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஒரு துறையின் எல்லை முடியும் இடத்தில் பதிலும் முடிந்துவிடும்.

எனினும் சூழல் சாதகமாகவே இருக்கிறது. செங்கல் அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியையும், எல்லைக்கு இப்புறமுள்ள கன்னியாகுமரித் தொகுதியையும் 2024 தேர்தலில் காங்கிரஸ் கட்சியே வென்றது. அதே ஆண்டு ஜூனில் பெட்ரோலியத் துறையின் இணை அமைச்சராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோபி, திருச்சூரிலிருந்து தேர்வானவர். கேட்பவர்களும் பதில் சொல்பவரும் கார்புரேட்டர் ஓடும் சாலைகளை அறியாதவர்கள் அல்லர்.

கேட்க வேண்டியவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பம்ப்பில் எத்தனால் அளவைத் தெளிவாக எழுதி ஒட்டுவது. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் நுனி, குழாய், கேஸ்கெட் ஆகியவை பழைய மாடல்களுக்கும் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்படி உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்துவது. ஜெட் அளவுகளை அவர்களே அறிவிப்பது. புகை அளக்கும் மையத்திலேயே, கருவியைப் பார்த்தபடி, மெக்கானிக் திருகைச் சரிசெய்ய இடம் தருவது. கடைசியில் சொன்னது நடந்தால் மேலே கண்ட முரணில் பாதி தீர்ந்துவிடும்.

இவை இல்லாத நிலையில், பழைய வண்டி வைத்திருப்பவரை மற்ற திசைகளிலிருந்தும் நெருக்குகிறார்கள். 20 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் ரூ. 1,000-லிருந்து ரூ. 2,000 ஆக்கியது. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கான வரியைக் கேரளம் 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. தலைநகரில் நிலைமை இன்னும் கடுமை. பழைய வாகனங்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று 2025 ஆகஸ்ட் 12-இல் அளித்த பாதுகாப்பை, டிசம்பரில் பி.எஸ்.-4-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் சுருக்கிக்கொண்டது. தில்லியின் காற்றுக்கு அது தேவையாக இருக்கலாம். பேருந்து மணிக்கு ஒருமுறை வரும் ஊர்ப்புறத்தில், ஓடுகிற வண்டியை உடைப்புக்குப் போடுவதென்பது வேலைக்குப் போகும் வழியையே போடுவதாகும்.

இதற்கிடையே இ-20 என்பதே கடைசி நிறுத்தமா என்பதும் தெளிவில்லை. தற்போதைய வழித்திட்டம் 2026 அக்டோபர் 31 வரைக்கும்தான் இ-20-ஐ உறுதி செய்கிறது, அதற்கு அப்பால் எவ்வளவு என்பது அமைச்சகங்களுக்கு இடையிலான குழுவின் அறிக்கை, பங்குதாரர்களுடன் ஆலோசனை ஆகியவற்றுக்குப் பிறகே முடிவாகும் என்று அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. 27 சதவீதக் கலப்பு பற்றிய பேச்சும் அப்போதே எழுந்திருந்தது. கலப்பு உயர்ந்தால் துளையும் மீண்டும் பெரிதாக வேண்டும். 104 போதாமல் போகும். அந்தக் குழுவின் ஆலோசனைப் பட்டியலில் எண்ணெய் நிறுவனங்களும் வாகன உற்பத்தியாளர்களும் சர்க்கரை ஆலைகளும் தவறாமல் இடம்பெறுவார்கள். ஜெட்டை மாற்றப் போகிறவரும் அதில் இருப்பாரா என்பதை உறுப்பினர்கள் கேட்டு வைக்கலாம்.